ஆற்றைக் கடந்தால் இன்னொரு ரிக்கற்றா?

ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடத்தில் மேற்குக் கரை ரொறொன்ரோ, கிழக்குக் கரை பிக்கறிங். அதைக் கடந்து ஓடுகிற கோ ரெயினுக்கு இந்த எல்லை தெரியாது. காசு வாங்கினவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

2024 பெப்ரவரி 26க்கு முன்னர் இருந்த நிலைமையைக் கேளுங்கள். டூரம் பஸ்ஸில் வந்து ரெயின் பிடித்தவர்களுக்கு 2022 மார்ச்சில் இருந்து பஸ் இலவசம். காரில் வருகிறவர்கள் ரூஜ் ஹில் ஸ்ரேசனில் காரைச் சும்மா விட்டிட்டுப் போகலாம். ஆனால் ஸ்காபரோவில் இருந்து ரீரீசீ பஸ்ஸில் வந்து ஏறினால் அதற்கும் முழுக்காசு, ரெயினுக்கும் முழுக்காசு. 2018 ஜனவரியில் ஒன்றரை டொலர் கழிவு கொடுத்தார்கள். 2020 மார்ச்சோடு அதையும் நிற்பாட்டினார்கள். கார் உள்ளவனுக்குச் சலுகை, பஸ்ஸுக்குக் குளிரில் நிற்கிறவனுக்குத் தண்டம். இது எந்த ஊர் நியாயம்?

ஊரில் கொடிகாமத்தில் யாழ்தேவி ஏறினால் கோட்டை மட்டும் ஒரே ரிக்கற். எத்தனை மாவட்டம் தாண்டினாலும் இடையில் ஒருவரும் திரும்பக் காசு கேட்டதில்லை. பிறகு முகமாலையிலும் ஓமந்தையிலும் பாஸ் கேட்டார்கள். அது யுத்தம். யுத்தமே இல்லாத நாட்டில் ஓர் ஆற்றைக் கடக்க ஏன் இரண்டு தரம் காசு?

"இப்ப ஒரே கட்டணம் வந்திட்டுதே, இன்னும் ஏன் கத்துறீர்?" என்று கேட்பீர்கள். நகரசபைகள் தாங்களாகப் பேசி முடித்து அது வரவில்லை. குறைகிற வருமானத்தை மாகாண அரசு நிரப்புகிறபடியால்தான் வந்தது. மாகாணம் கையை எடுத்தால் அடுத்த நாளே பழைய குடுமிப்பிடி தொடங்கும்.

நான் வெறும் பயத்தில் சொல்லவில்லை. 1967 மே 23 அன்று கோ ரெயினைத் தொடங்கியது மாகாண அரசு. பிக்கறிங்கில் இருந்து ஓக்வில் வரை பல நகரசபைகளைத் தாண்டி ஓடுகிற ரெயினை ஒரு நகரசபை தனியே நடத்த ஏலாது என்பது அப்போதே தெரிந்த விசயம். அது தெரிந்தும் 1998இல் மைக் ஹரிஸ் அரசு அந்தச் செலவை நகரசபைகளின் தலையில் கட்டியது. நான்கு வருசம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2002 ஜனவரியில் மாகாணமே திரும்பப் பொறுப்பெடுத்தது. ஒருக்கால் செய்தவர்கள் இன்னொருக்கால் செய்யமாட்டார்கள் என்று என்ன உத்தரவாதம்?

எங்கட சனத்திலும் சிலர் இருக்கினம். ஏஜாக்ஸில் வீடு, வாசலில் இரண்டு கார். "பஸ் கதை எங்களுக்கு என்னத்துக்கு?" என்பார்கள். உங்கட அம்மா எதில் கோயிலுக்குப் போறா? நேற்று வந்திறங்கின தம்பி எதில் இரவு வேலைக்குப் போறான்? வந்த புதிதில் நீங்கள் எதில் போனீர்கள்?

பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்து "வணக்கம்" சொல்லுகிற அரசியல்வாதிகளிடம் இனிமேல் படம் எடுக்கக் கேட்காதீர்கள். இந்த ஒரே கட்டணத்தைச் சட்டமாக்குவீர்களா என்று கேளுங்கள். ஓம் அல்லது இல்லை. மழுப்புகிறவருக்கு வடையைக் கொடுங்கள், வாக்கைக் கொடாதீர்கள்.