கிளாஸி: பாராட்டா, குத்தலா?

ஸ்டூடியோவில் போட்டோ பிரிண்ட் போடச் சொன்னால் உடனே வரும் கேள்வி: "கிளாஸியா, மேட்டா?" பெயின்ட் கடையிலும் இதே கேள்விதான். பளபளப்பு வேண்டும் அல்லது வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கடையை விட்டு வெளியே வந்ததும் இந்தச் சொல் அவ்வளவு சாதுவாக இருப்பதில்லை.

மின்னுகிற எல்லாவற்றையும் ஆங்கிலம் கிளாஸி என்பதில்லை. புது நாணயம், புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் போன்றவை பெரும்பாலும் ஷைனிதான். வழவழப்பும் சேர்ந்த மினுமினுப்புக்கே கிளாஸி பொருந்தும்: எண்ணெய் தடவி வாரிய கூந்தல், நன்றாகத் தேய்த்துவிட்ட குதிரையின் உடம்பு, பலா இலை, அன்று பறித்த கத்தரிக்காய். பரப்பு வழவழப்பாக இருந்தால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பும், சொரசொரப்பானால் சிதறிவிடும். பெயின்ட் தொழிலில் இதை அளக்கக் கருவியே உண்டு. மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுகிறார்கள்.

பளபளப்பு காகிதத்தில் ஏறியதும் சொல்லில் விஷமம் கலந்தது. வழவழத் தாளில் அச்சாகும் ஃபேஷன் பத்திரிகைகளுக்கு 'கிளாஸிகள்' என்றே பெயர். (வாசகர்கள் தம் கையிலிருக்கும் தாளைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.) ஒரு சினிமாவை கிளாஸி என்று விமர்சகர் எழுதினால் தயாரிப்பாளர் அவசரப்பட்டு அதை விளம்பரத்தில் போட்டுவிடக் கூடாது. மேலே மினுக்கு, உள்ளே சரக்கில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். 'கிளாஸ் ஓவர்' என்றால் இன்னும் மோசம். நம்மூரில் பூசி மெழுகுவது என்பார்களே, அதேதான். கடினமான சொல்லுக்கு ஓரத்தில் எழுதும் விளக்கத்துக்கும் ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்றுதான் பெயர். அது நாக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பளபளப்புக்கான சொல்லோடு அதற்குப் பிறப்பில் உறவில்லை. ஆனால் விளக்கம் சொல்லியே குறையை மறைப்பவர்கள் இரண்டையும் உறவாக்கிவிட்டார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொரு வம்பு. பளபளப்பானது, உயர்தரமானது, கண்ணாடி போன்றது என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களும் நம் எழுத்தில் 'கிளாஸி'தான். "கிளாஸி லுக்" என்று விளம்பரம் சொன்னால் சேலை மினுங்குகிறதா, உசத்தியானதா என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். சேலையோடு போனால் பரவாயில்லை. ஆங்கில நாவலில் சாகக் கிடப்பவனின் கண்கள் கிளாஸி என்று வந்தால், அது கண்ணாடிபோல் உயிரற்று நிலைகுத்திய பார்வை. அதைப் 'பளபளத்த கண்கள்' என்று மொழிபெயர்த்தால், அடுத்த பக்கத்தில் அவனுக்குக் கல்யாணம் என்றே வாசகர் எதிர்பார்ப்பார்.