கைமாற்று முதல் ஆகாது



அதிகாலை நாலு மணிக்குச் சந்தைக்குப் புறப்பட வேண்டிய சுமை வண்டி செல்ப் எடுக்கவில்லை. டிரைவர் சாவியைத் திருகத் திருக ‘டிக் டிக்’ என்ற சத்தம்தான் வருகிறது. தள்ளிவிட ஆள் தேடி அலைந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அலைச்சலைக் குறைக்க வந்ததுதான் ஜம்ப் ஸ்டார்ட்டர் என்னும் கையடக்க பேட்டரி. இரண்டு கவ்விகளை மாட்டினால் வண்டி கிளம்பிவிடுகிறது. நல்ல பொருள்தான், குறை சொல்ல வரவில்லை. அதை எப்படி வாங்குகிறோம், எப்படி விற்கிறோம் என்பதில்தான் நமக்குக் கவலை.

இதில் நாமே ஒரு தவறு செய்தோம். நமது கடை துறைமுகத்துக்கு அருகில் உள்ளது. விசைப்படகுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்து வருகிறோம். வெளியூர் ஆள் ஒருவர் பில் இல்லாமல் ஒரு பெட்டி ஜம்ப் ஸ்டார்ட்டர் கொண்டு வந்தார். விலை மலிவு, லாபம் அதிகம் என்று வாங்கிக் கல்லாப் பக்கத்தில் அடுக்கினோம். நெடுநாள் வாடிக்கையாளரான படகுக்காரர் ஒருவர், “அண்ணாச்சி கொடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும்” என்று ஒன்றை வாங்கிப் போனார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் நாளே இஞ்சின் நின்றது. படகின் பேட்டரி இறங்கியிருந்தது. நம்மிடம் வாங்கியதை மாட்டினார். அதில் விளக்கு எரிந்தது; இஞ்சின் அசையவில்லை. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. அவர் நம்மிடம் சண்டை போடவில்லை. பொருளைக் கல்லா மீது வைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பல வருடப் பற்று வரவு மட்டும் திரும்பி வரவில்லை.

பிறகு மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். “பெட்ரோல் காருக்கான பொருளை டீசல் இஞ்சினுக்கு விற்றிருக்கிறீர்களே” என்றார். டீசல் இஞ்சினைக் கிளப்ப அதிக பலம் வேண்டும். 24 வோல்ட் வண்டிக்கோ படகுக்கோ 12 வோல்ட் பொருள் உதவவே உதவாது. இது தெரியாமல் நாம் விற்றோம்.

அளவு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. பெட்டியில் 12,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் உள்ளிருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் சுமார் 3.7 ஆம்பியர் மணிதான். வண்டி பேட்டரி 50 ஆம்பியர் மணி என்றால், இது அதில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். படிக் கணக்கை ஆழாக்கில் சொல்லி எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டுவது போன்றது இது. தராசு பிடித்த நாம் ஏமாறலாமா?

அப்படியானால் வண்டி எப்படிக் கிளம்புகிறது? ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சில விநாடிகள் பலமான கரண்ட் கிடைத்தால் போதும். ஆனால் வண்டி பேட்டரி காலியாகவேதான் இருக்கிறது. நாலு தெரு ஓட்டினால் அது நிரம்பாது. ஜம்ப் ஸ்டார்ட்டர் என்பது கைமாற்று. கைமாற்று வாங்கி அன்றைய லோடை எடுக்கலாம். கடை நடத்த முடியாது. பேட்டரிதான் முதல்.

முதலைக் காப்பது எப்படி? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். சும்மா கிடக்கும் ஈய பேட்டரி தானாகவே இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கெடும். ஓடாத வண்டிக்கும் இதே கதிதான். மாதம் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டும். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஜம்ப் ஸ்டார்ட்டரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்து, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாமல் வைக்க வேண்டும். உப்பியிருந்தால் தொடவே கூடாது.

மாட்டும்போது சிவப்புக் கவ்வி பேட்டரியின் பிளஸ் முனைக்கு. கறுப்பை, பேட்டரியை விட்டுத் தள்ளியுள்ள இஞ்சின் இரும்பில் மாட்டுவது நல்லது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பொருளோடு வரும் குறிப்பைப் படித்துக் காட்டி விற்பது நம் கடமை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், அதனால் விளையும் தீங்குக்கு விற்றவரே பதில் சொல்ல நேரிடும். பில் இல்லாத சரக்கில் கிடைக்கும் லாபம் இந்த ஆபத்துக்கு ஈடாகுமா?

ஆகவே நம் சங்கத்துக்கு இரண்டு யோசனைகள். பில்லோடும் வாரண்டியோடும் வாங்கிய, டீசல் வண்டிக்கும் பொருந்தும் தரமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். தடைக்காலம் முடியும் முன் மெக்கானிக் ஒருவரை அழைத்து, உறுப்பினர்களின் வண்டிகளுக்கும் வாடிக்கைப் படகுகளுக்கும் பேட்டரி பரிசோதனை நடத்தலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

அந்தப் படகுக்காரர் இன்றும் நம் கடை வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகிறார். வணக்கம் சொல்கிறார்; உள்ளே வருவதில்லை. அந்த நிலை வேறு எந்த உறுப்பினருக்கும் வர வேண்டாம்.