உயர் இரசாயனக் கல்வி

பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்க விழையும் மாணவர், அது பாடசாலையிற் படித்தவற்றின் விரிவேயென எண்ணுதல் கூடாது. பாடசாலையில் விடையாக நின்றது ஆங்கே மீண்டும் வினாவாகின்றது.

ஏபர் முறையை உயர்தர வகுப்பினர் நன்கறிவர். 1909இல் பிரிட்ஸ் ஏபர் செய்துகாட்டிய வழியில், 1913இல் ஜேர்மனியிலே தொழிற்சாலையொன்று அமோனியா ஆக்கத் தொடங்கிற்று. இரும்பு ஊக்கியும், 400 பாகை செல்சியசை அண்டிய வெப்பநிலையும், வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்கை விஞ்சிய அமுக்கமும் அதற்கு வேண்டும். பயற்றஞ்செடியின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாவோ, அதே நைதரசனைச் சாதாரண வெப்பநிலையிலேயே அமோனியாவாக்குகின்றது. அதற்குதவும் நொதியத்தில் இரும்பு, மொலிப்தனம், கந்தகம் சேர்ந்த அணுக்கொத்தொன்றுண்டு. அதன் நடுவிலிருப்பது காபன் அணுவென்பதே 2011இற்றான் தெளிவாயிற்று. நைதரசனின் வலிய பிணைப்பை அது தளர்த்தும் விதம் இன்னும் முற்றாக விளங்கவில்லை.

இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. இறக்குமதி உரம் நின்றால் வயலுக்கு யாது நேருமென்பதை, 2021ஆம் ஆண்டுத் தடையின்போது எம் நாட்டு உழவர் கண்டனர். பெருவெப்பமின்றி உரம் ஆக்கும் வழி பிறக்குமாயின், அது இத்தகைய ஆராய்ச்சியினின்றே பிறத்தல் கூடும்.

ஆதலின், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இடம் பெறாதார்க்கு எஞ்சிய துறையென இதனைக் கருதும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கூரிய மதியுடைய மாணவர் சிலரேனும் இதனை விரும்பித் தேர்க. பெற்றோர் அவரைத் தடுக்காதிருப்பாராக. பட்டத்தின் பின்னும் அவர் ஆய்வுகூடத்தில் நிலைத்திருக்கப் பொருளுதவி புரிதல் பழைய மாணவராகிய எமது கடனாகும்.