உடனிருந்து விழித்திருப்போர்



ஒரு குழந்தை பிறக்கப் போகிறதென்றால் குடும்பமே திரண்டு நிற்கிறது. கையைப் பற்றிக்கொள்ள ஒருவர், தேற்ற ஒருவர், செபமாலை சொல்ல ஒருவர் என்று தாய்க்குத் துணை பெருகுகிறது. இவ்வுலகை விட்டுப் பிரியப் போகிறவரின் முன்னிலையிலோ, என்ன பேசுவதென்று அறியாமல் நாம் ஒதுங்கி நிற்கிறோம். புற்றுநோய் முற்றி, இனிக் குணமாக்க வழியில்லை என்று மருத்துவர் சொன்ன பின், வீட்டில் பேச்சே அடங்கிவிடுகிறது. அந்த மௌனத்தைப் பற்றியே இத்திங்கள் உங்களோடு பேச விழைகிறோம்.

1986-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், யூஜீன் நகரத்துக் கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றில் சாண்ட்ரா கிளார்க் என்னும் செவிலியர் பணியில் இருந்தார். மரணத் தறுவாயிலிருந்த முதியவர் ஒருவர், தம்மோடு இருக்கும்படி அவரை வேண்டினார். மற்ற நோயாளிகளைக் கவனித்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றவர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது முதியவர் தனிமையிலேயே இறந்திருந்தார். அந்த வேதனை வீண்போகவில்லை. ஒருவரும் தனியே இறக்கலாகாது என்ற நோக்கோடு, தொண்டர்கள் முறைவைத்து நோயாளியின் அருகே அமரும் திட்டம் 2001-இல் அம்மருத்துவமனையிலேயே பிறந்தது.

2003-இல் நியூயார்க் நகரில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்னும் சமூகப் பணியாளர் இத்தகைய தொண்டுக்கு முறையான பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பேறுகாலத்தில் தாய்க்கு உடனிருந்து உதவுவோரை அந்நாட்டில் 'டூலா' என்பர். பிறப்புக்குத் துணை உண்டெனில் இறப்புக்கும் துணை வேண்டுமன்றோ? இவ்வாறு எழுந்ததே 'மரண டூலா' என்னும் பெயர். இதன் மூலம் கிரேக்கச் சொல். ஊழியக்காரி, அடிமைப் பெண் என்பது பொருள். லூக்காஸ் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில், வானதூதருக்கு மறுமொழி கூறிய நம் அன்னை மரியாள் தம்மை ஆண்டவரின் அடிமை எனக் குறிப்பதும் இச்சொல்லினாலேயே.

இவர்கள் செய்வது யாது? மருந்தோ ஊசியோ இவர்கள் கொடுப்பதில்லை. அது மருத்துவரின் பணி. இவர்கள் முதலில் கேட்கிறார்கள்: எதற்கு அஞ்சுகிறீர்கள்? யாரைக் காண விரும்புகிறீர்கள்? இறுதி வேளையில் எந்தச் செபம், எந்தப் பாடல் வேண்டும்? பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவதைக் கடிதமாக எழுத உதவுகிறார்கள். இரவில் தாங்கள் விழித்திருந்து, களைத்த குடும்பத்தாரை உறங்கச் செய்கிறார்கள். முடிவு நெருங்கும் அறிகுறிகளையும் முன்கூட்டியே விளக்குகிறார்கள். உணவில் நாட்டம் அற்றுப்போகும், கைகால்கள் குளிரும், மூச்சு நின்று நின்று வரும். பட்டினி போடுகிறோமோ என்று கலங்கி வற்புறுத்தி ஊட்ட வேண்டியதில்லை. உதடுகளை நனைத்தால் போதும். கண் மூடியிருப்பினும் காது கேட்கக் கூடும். ஆகவே அன்பாய்ப் பேசுங்கள் என்பார்கள். மரணத்திற்குப் பின்னும் வந்து, துயருற்றோர் சொல்வதைக் கேட்கிறார்கள்.

நம் இல்லங்களிலோ நோயின் உண்மையை நோயாளியிடம் மறைப்பதே அன்பென்று எண்ணுகிறோம். ஆனால் அவர் பெரும்பாலும் அறிந்தேயிருக்கிறார். நாம் வருந்துவோமென்று அவரும் மறைக்கிறார். இருவரும் நடிக்கும் அந்நாடகத்தில், மன்னிப்புக் கேட்கவும், பகை தீர்க்கவும், பாவசங்கீர்த்தனம் செய்யவும் கிடைத்த பொன்னான நாட்கள் கழிந்துபோகின்றன. அவர் கேட்குமளவுக்கு, அவர் தாங்குமளவுக்கு, கனிவோடு உண்மை சொல்வதே மெய்யன்பு.

திருச்சபையின் போதனையையும் நினைவிற்கொள்வோம். கடும் வேதனையைத் தணிக்க மருத்துவர் தரும் மார்ஃபின் முதலிய மருந்துகளை ஏற்கலாமென 1957-இலேயே பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் விளக்கியுள்ளார். நோயில் பூசுதல் கடைசி மூச்சுக்கென ஒதுக்கிய அருட்சாதனம் அன்று என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் தெளிவு. நோயாளி நினைவோடிருக்கையிலேயே குருவானவரை அழையுங்கள். சில நாடுகளில், தாமாக உயிரை முடித்துக்கொள்வோருக்கும் டூலாக்கள் சிலர் துணைநிற்கின்றனர். அதை நாம் ஏற்க இயலாது. குணமாக்க இயலாதவரையும் பராமரிப்பது நம் கடமை என 2020-இல் வெளியான வத்திக்கான் மடல் வலியுறுத்துகிறது.

மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நம் பங்குகளில் நோயாளிகளைச் சந்திக்கின்றனர். அச்சந்திப்பு ஒரு நாழிகை உடனிருப்பாக நீளட்டும். ஓர் இரவு ஒருவர் விழித்தால், ஒரு வீடு உறங்கும். கெத்சமனியில் நம் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டதும் அவ்வளவே. அவர்கள் உறங்கிவிட்டனர், அன்னையோ சிலுவையடியில் நின்றார்.

நன்மரணத்தின் பாதுகாவலராம் புனித சூசையப்பர், இயேசுவும் மரியாளும் அருகிருக்கக் கண்மூடியவரென்பது நம் மரபு. அத்தகைய துணை நம் இல்லத்து நோயாளிக்கும் நம்மால் கிடைப்பதாக.