படியாத நூலுக்கு எழுதிய தீர்ப்பு

ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புக் கூற வருபவர் முதலில் அந்நூலைப் படித்திருத்தல் வேண்டும். இஃது எவரும் மறுக்காத விதி. ஆயினும், சிறுவர் நூல் என்று வந்துவிட்டால் இவ்விதி காற்றில் பறக்கவிடப்படுகிறது. பத்து வயதில் படித்ததை ஐம்பது வயதில் நினைவுகூர்ந்து போற்றுவாரும், பிறர் சொல்லக் கேட்டுத் தூற்றுவாரும் நடுவர் இருக்கையில் அமர்ந்துகொள்கின்றனர். அந்நூலை இன்று கையில் வைத்திருக்கும் பிள்ளையோ மன்றத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ என்னும் ஐவர் வரிசைக்கு நேர்ந்தது இதுவே. அவ்வரிசையின் முதல் நாவலான ‘ஃபைவ் ஆன் எ டிரஷர் ஐலண்ட்’ 1942ஆம் ஆண்டு, உலகப் போரின் நடுவே வெளிவந்தது. நான்கு பிள்ளைகள், ஒரு நாய், ஒரு தீவு, ஒரு புதையல். கதை அவ்வளவே. ஆறு முதல் எட்டு நூல்களோடு நிறுத்திவிடலாம் என்று கருதியிருந்த ஆசிரியர், வாசகர் ஆர்வம் ஓயாமையால் 1963 வரை 21 நூல்களை எழுதினார். 1952இல் இவ்வரிசையின் பெயரால் வாசகர் மன்றம் ஒன்றும் தோன்றியது. பிள்ளைகள் தங்கள் கருத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பின்னும், அக்கருத்தைக் கேட்டறிய விரும்பிய பெரியவர்கள் மிகச் சிலரே.

பெரியவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றனர். ஓர் அணி குற்றம் சாட்டியது. மற்றோர் அணி கண்ணை மூடிக்கொண்டு காத்தது. இரண்டு அணியினரும் நூலைக் கீழே வைத்துவிட்டே வாதாடினர் என்பதுதான் வேதனைக்குரியது.

குற்றம் சாட்டிய அணியை முதலில் நோக்குவோம். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பிபிசி, 1930களின் இறுதி தொடங்கிப் பல ஆண்டுகள் பிளைட்டனின் படைப்புகளை வானொலிக்கு ஏற்றுக்கொள்ளாது தவிர்த்துவந்தது. இலக்கியத் தரமில்லை என்பது காரணம். அதற்குச் சான்றான உட்கடிதங்கள் 2009இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. நூலகர் சிலர் அவருடைய நூல்களை அடுக்குகளிலிருந்து அகற்றினர். அவர் மறைந்த 50ஆம் ஆண்டை ஒட்டி நினைவு நாணயம் வெளியிடும் எண்ணத்தை 2016இல் பிரிட்டன் அரச நாணயச்சாலையின் ஆலோசனைக் குழு கைவிட்டது. இனவெறி, பெண்ணிழிவு ஆகிய குற்றச்சாட்டுகள் அங்கே எடுத்துரைக்கப்பட்ட செய்தி 2019இல் வெளிப்பட்டது. 1968இல் மறைந்த ஒருவர்மீது இத்தனை ஆண்டுகளாக வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

வழக்கு நடக்கட்டும். ஆனால், சான்றுகள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன? ஐவர் வரிசையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் இஞ்சிச் சாற்றுப் பானம் குடம் குடமாகப் பொங்கும் சொற்றொடர் ஒன்றைச் சொல்லி நகைப்பது வழக்கம். ‘லாஷிங்ஸ் ஆஃப் ஜிஞ்சர் பீர்’ என்பது அத்தொடர். இத்தொடர் ஐவர் வரிசையின் 21 நூல்களில் ஒன்றிலேனும் இல்லை. 1982ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், பிரிட்டனின் நான்காம் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கிய அன்றிரவு ஒளிபரப்பான கேலி நாடகத்திலிருந்து அது பரவியது. கேலி செய்தவரின் சொல், கேலி செய்யப்பட்டவரின் வாயில் திணிக்கப்பட்டது. மூலத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் சில மணி நேரத்தில் உடைந்துபோயிருக்கும் பொய் இது. படியாமலே தீர்ப்புக் கூறும் பழக்கத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வாறு கூறுவதனால் பிளைட்டன் குற்றமற்றவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. கறுத்த முகத்தினால் எவராலும் விரும்பப்படாத ஒரு பொம்மை, மழையில் நனைந்து நிறம் கழுவப்பட்ட பின்னரே அன்பைப் பெறுவதாக அவர் கதை எழுதினார். அதனைப் படிக்கும் கறுப்பினக் குழந்தையின் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐவர் வரிசையிலும் குறைகள் உண்டு. அடுக்களையும் படுக்கை விரிப்பும் சிறுமி ஆன் என்பவளுக்கே உரியவை என்று கதை மீண்டும் மீண்டும் சொல்கிறது. நாடோடி மக்களும் அயல்நாட்டாரும் ஐயத்திற்குரியவர்களாகவே பல இடங்களில் தோன்றுகின்றனர். முதல் நாவலில் நாயைத் தன்னிடம் வைத்துக் காத்தவன் ஆல்ஃப் என்னும் மீனவச் சிறுவன். ஆனால், புதையல் வேட்டையில் அவனுக்கு இடமில்லை. உழைப்பு அவனுக்கு, சாகசம் பிறர்க்கு.

காக்க வந்த அணியினர் இதற்கெல்லாம் ஒரே விடையைத்தான் சொல்கின்றனர்: “அந்தக் காலம் அப்படி.” இவ்விடை வரலாற்றுக்கு முன் நில்லாது. 1960ஆம் ஆண்டிலேயே மாக்மில்லன் பதிப்பகம், பிறநாட்டார்மீது வெறுப்புத் தொனிக்கிறது என்னும் மதிப்புரையை ஏற்றுப் பிளைட்டனின் கையெழுத்துப் படி ஒன்றைத் திருப்பி அனுப்பியது. கறுப்புப் பொம்மைக் கதையை 1966இல் ‘கார்டியன்’ நாளிதழ் கண்டித்தது. ஆசிரியர் உயிருடன் இருந்த நாளிலேயே, அவர் நாட்டிலேயே, அவர் மொழியிலேயே குறை சுட்டப்பட்டது. குறையைக் கண்டவர்களும் அக்காலத்தவரே. அங்ஙனமிருக்க, காலத்தின்மேல் பழியைப் போடுவது எவ்வாறு பொருந்தும்?

பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களின் விமர்சனத்தைத் தாம் பொருட்படுத்துவதில்லை என்று பிளைட்டன் கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு. கேட்பதற்கு இனிய மறுமொழிதான். ஆயினும், அது பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதாகும். பிள்ளைகளுக்காக எழுதுபவருக்குப் பொறுப்பு கூடுமேயன்றிக் குறையாது.

சரி, பிள்ளைகள் இந்நாவலில் கண்டது என்ன? குற்றம் சாட்டுவோரும் காப்போரும் கேளாத வினா இதுவே. விடை நூலின் உள்ளேயே இருக்கிறது.

கதையின் நாயகி ஜார்ஜ். பெற்றோர் இட்ட பெயர் ஜார்ஜினா. அப்பெயரால் அழைத்தால் அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. கிர்ரின் தீவு உனக்கே என்று தாய் அவளுக்கு வாக்களித்திருக்கிறாள். அவ்வாக்கை மறந்து, தந்தை அத்தீவை அயலான் ஒருவனுக்கு விற்க இசைகிறார். பிள்ளையின் உடைமைக்குப் பெரியவர் விலை பேசுகிறார்; பிள்ளையிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இந்த அநீதியை உணராத பிள்ளை உலகில் எந்த மூலையிலும் இல்லை.

பின்னர், தீவின் நிலவறையில் ஜார்ஜும் ஜூலியனும் கயவர்களிடம் சிக்குகின்றனர். மேலே இருக்கும் மற்ற இருவரையும் கீழே வரவழைக்குமாறு கடிதம் எழுதக் கயவர்கள் ஜார்ஜை வற்புறுத்துகின்றனர். அவளும் எழுதுகிறாள். ஆனால், கீழே ‘ஜார்ஜினா’ என்று கையொப்பமிடுகிறாள். கயவர்கள் அதனைப் படித்துப் பார்த்தும் ஒன்றும் அறியாது நாயின் வழியே அனுப்புகின்றனர். மேலே இருந்த பிள்ளைகளுக்கோ அந்த ஒரு பெயரே போதுமானதாயிற்று. அவள் ஒருபோதும் எழுதாத பெயர் அது; ஆதலின் கடிதம் பொய் என்று தெளிகின்றனர்.

எழுத்தைப் படிப்பது வேறு, எழுதியவரை அறிந்து படிப்பது வேறு என்னும் பெரும்பாடத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கையொப்பத்தால் கற்பிக்கும் இடம் இது. நடையழகு இல்லையென்று ஒதுக்கியவர்கள் இவ்விடத்தைப் படித்தார்களா? பெண்ணிழிவு என்ற ஒரே சொல்லால் முடித்தவர்கள், தனக்கு விதிக்கப்பட்ட பெயரை மறுத்த ஒரு பெண் அப்பெயரையே கருவியாக்கித் தன்னைக் காத்துக்கொண்டதைக் கண்டார்களா? அடுக்களையில் ஆன் இருப்பதும் உண்மை. நிலவறையில் ஜார்ஜ் இருப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே படிப்பு.

சொல்வளம் குறைவு என்பது மற்றொரு குற்றச்சாட்டு. உண்மைதான். ஆயினும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலத்தை வீட்டில் கேளாமல் பள்ளியில் மட்டும் கற்ற பிள்ளைகளை நினைத்தல் வேண்டும். பாடநூலுக்கு வெளியே, எவர் துணையுமின்றித் தொடங்கி முடித்த முதல் ஆங்கில நூல் அவர்களுள் பலருக்குப் பிளைட்டனுடையதே. ஏணியின் முதற்படி தாழ்வாக இருப்பது குற்றமன்று. முதற்படியிலேயே நின்றுவிட்டால்தான் குற்றம். அக்குற்றமும் அடுத்த படியைக் காட்டாத பெரியவரையே சாரும்.

இனி, மூலத்தைத் திருத்துவோரிடம் வருவோம். 2010இல் பதிப்பகத்தார் ஐவர் வரிசையின் பழஞ்சொற்களை நீக்கிப் புதுச்சொற்களைப் பெய்தனர். பள்ளி உடையைக் குறித்த பழைய சொல்லும், தாய் தந்தையரை விளிக்கும் முறையும் மாற்றப்பட்டன. வாசகர்கள் இதனை ஏற்கவில்லை. 2016இல் பதிப்பகமே பழைய பாடத்திற்குத் திரும்பியது. புண் ஓரிடத்திலிருக்க மருந்தை வேறிடத்தில் தடவிய கதை இது. மழலைகளின் படநூலில் ஓர் இனத்தின் முகத்தை இழிவுபடுத்தும் பொம்மையை நீக்குவது முறையே. மூன்று வயதுக் குழந்தையோடு வாதிட முடியாது. பத்து வயதுப் பிள்ளையோ வினவத் தெரிந்த பிள்ளை. “ஆல்ஃபை ஏன் உடன் அழைத்துச் செல்லவில்லை?” என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அந்த வகுப்பறை பிளைட்டனையும் கடந்து வளரும். குறையை மறைத்துவிட்டால் வினாவும் மறைந்துவிடும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இவ்வழக்கை வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. “வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று மேடையில் முழங்குவார் உளர். முழக்கம் நன்று. ஆனால், அந்த நூலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிய பின் அக்கையில் எதனை வைப்பது? புலாவ் ஊபினும் லங்காவியும் கிர்ரினைவிடக் குறைந்த தீவுகளா? இரப்பர்த் தோட்டத்து விடியற்காலை இருளில் மர்மம் இல்லையா? பெற்றோர் விளக்கை அணைக்கச் சொல்லியும் ஒரு பிள்ளை மறுத்துப் படிக்கும் தமிழ் நாவல்கள் இம்மண்ணிலிருந்து எத்தனை எழுந்துள்ளன? எண்ணுவதற்கு விரல்களே மிகுதி. அறிவுரை சொல்லும் சிறுவர் நூல்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை தானே தேடி எடுக்கும் நூலுக்குத்தான் பஞ்சம். மீனவச் சிறுவனும் தோட்டத்துச் சிறுமியும் படகின் முன்புறம் அமரும் கதையை எழுதுவதே பிளைட்டனுக்குச் சொல்லத்தக்க சரியான மறுப்பு.

தடை செய்தவர்களாலும் அந்நாவல் அழியவில்லை. தலையில் வைத்துக் கொண்டாடியவர்களாலும் அது குறையற்றதாகிவிடவில்லை. பெரியவர்களின் தீர்ப்புகள் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டிருக்க, பிள்ளைகள் புரட்டிக்கொண்டே இருக்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து, அந்நூலை ஒருமுறையேனும் முழுதும் படித்து, பிறகு பேச வருவோரின் சொல்லுக்கே மன்றத்தில் மதிப்புண்டு. ஏனையோர் கையொப்பத்தைப் பார்த்தும் பொருள் அறியாத அந்த நிலவறைக் கயவர்களின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.