புயல் போன மறுநாள்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கவலை. ஒன்று தீபாவளிச் செலவு, மற்றொன்று புயல். புயல் வருவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று வானொலியிலும் டெலிவிஷனிலும் தொண்டை வறளச் சொல்கிறார்கள். மெழுகுவத்தி வாங்கி வையுங்கள், குடத்தில் தண்ணீர் பிடித்து வையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள் என்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் காற்று ஓய்ந்து, பொழுது விடிந்து, கதவைத் திறந்ததும் முதலில் எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று யாராவது சொல்கிறார்களோ? அந்தப் பாடத்தை என் அக்காளிடம்தான் கற்றுக்கொண்டேன். அவள் நெய்வேலிக்குப் பக்கத்தில் முத்தாண்டிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரு புயல் கரை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பெயர் ‘தானே’. பர்மா தேசத்தார் கொடுத்த பெயராம். நம் பாஷையில் அதற்கு வேறு அர்த்தம் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? “தானே வந்தது, தானே போயிற்று, எங்களைத்தான் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது” என்று அந்தப் பக்கத்துக் கிழவிகள் சொல்லிக்கொண்டார்கள். கரை கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பண்ருட்டிச் சீமை முழுவதும் முந்திரியும் பலாவும்தானே? அப்பாவும் தாத்தாவும் வைத்த மரங்கள் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்தன. முந்திரி பூவெடுக்கும் பருவம். பலாவில் பிஞ்சு தலைகாட்டும் பருவம். மாசி, பங்குனியில் வீட்டுக்கு வரவேண்டிய பணம் முழுவதும் மார்கழியிலேயே மண்ணில் படுத்துவிட்டது.

மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தேன். பாதையெல்லாம் மரம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதித் தூரத்தைக் கிளைகளைத் தாண்டித் தாண்டி நடந்தேன். அக்காளின் தோப்பைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: “உள்ளே வா. மரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. அது எங்கேயும் போயிடாது, விழுந்துதானே கிடக்கு. இந்த அரிசி இன்னும் ஒரு ராத்திரி தாங்காது.”

அரிசியா பெரிது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது. அக்காள் வீட்டில் ஓடு பறந்து, மழை நேரே அரிசி மூட்டையின்மேல் இறங்கியிருந்தது. மூட்டையின் அடிப்பாகம் ஏற்கெனவே சூடேறிப் புளித்த வாடை வீசியது; அதைத் தயங்காமல் குழி வெட்டிப் புதைத்தாள். நனைந்தும் கெடாமல் இருந்ததைக் கழுவி, பாயில் விரல் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறிவிட்டாள். முழுசாகக் காயாததை இடித்து மாவாக்கி அன்றே கூழ் காய்ச்சி வடகம் பிழிந்துவிட்டாள். எதைச் சேர்த்துக்கொள்ளலாம், எதைக் கூடாது என்பதற்கு அவளிடம் ஒரே அளவுகோல்: மேலிருந்து விழுந்த மழைத் தண்ணீரில் நனைந்தது என்றால் பார்க்கலாம், தெருவிலிருந்து ஏறி வந்த தண்ணீர் தொட்டது என்றால், அரிசியானாலும் மிளகாய் ஆனாலும் போய் வரட்டும் என்று விட்டுவிடுவாள். தெருத் தண்ணீரில் சாக்கடையும் செத்த எலியும் கலந்திருக்கும். நூறு ரூபாய்ச் சாமானைக் காப்பாற்றப் போய் ஆயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்கலாமா?

பட்டணத்துச் சகோதரிகளே, உங்கள் குளிர்பெட்டிக்கும் இது பொருந்தும். மின்சாரம் நின்ற பிறகு கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் நான்கு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். அதற்குமேல் பாலையும் மாமிசத்தையும் நேற்று அரைத்த தேங்காய்ச் சட்டினியையும் நம்பாதீர்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்கிற சாமர்த்தியம் எல்லா நாளும் பலிக்காது.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெய்வேலியில் பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து, தென் மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிறார்கள். 1956-ல் ஏற்பட்ட நிறுவனம் அது. அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற கிராமங்கள் தானே புயலுக்குப் பின் நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில், இருட்டில் கிடந்தன. இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. ஆயிரக்கணக்கான கம்பங்கள் முறிந்து விழுந்தால் உலையில் எவ்வளவு எரிந்து என்ன பயன்? வெளி ஜில்லாக்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்த பெண்களில் என் அக்காளும் ஒருத்தி.

ஆனால் மின்சாரம் திரும்புகிற அந்த நிமிஷம்தான் ஆபத்தானது. வீட்டுச் சுவர் ஊறிப் போயிருக்கும். சுவிச்சுப் பெட்டிக்குள் தண்ணீர் இருக்கும். ஆகையால் புயலின்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பிறகு ஓர் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் போட வேண்டும். காலடியில் ஈரம் இருக்கும்போது சுவிட்சைத் தொடாதீர்கள். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சத்தியம் செய்தாலும் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அப்போது ஜெனரேட்டர் வைத்திருந்தவர் ராஜா. வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, மோட்டாரை ஓட்டி மேல் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். கைபேசிக்கு உயிர் கொடுக்கவும் தனிக் கட்டணம். அக்காள் என்ன செய்தாள் தெரியுமோ? தெருவில் ஆறு வீட்டுப் பெண்களைச் சேர்த்து, ஒரே வீட்டு மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டச் செய்து, எல்லோரும் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு செலவைப் பங்கிட்டார்கள். இந்த யந்திரத்தை மட்டும் வீட்டுக்குள்ளோ, தாழ்வாரத்திலோ, ஜன்னலுக்கு அடியிலோ வைத்து ஓட்டக்கூடாது. அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத ஒரு விஷவாயு உண்டு. தூங்குகிறவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்கள்.

தண்ணீர் கிடைத்தால் மட்டும் போதாது. வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கித்தான் குடிக்க வேண்டும். விறகு அக்காளுக்குப் பஞ்சமில்லை. தோப்பே விறகாகிக் கிடந்தது. விறகில்லாத இடத்தில் சுகாதார ஊழியர்கள் கொடுக்கும் குளோரின் மாத்திரையை, அவர்கள் சொல்லும் அளவில் போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். வாசனை பிடிக்கவில்லை என்று கொட்டிவிடாதீர்கள். பேதி அதைவிடப் பிடிக்காது. அப்படி யாருக்காவது கண்டுவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி அடிக்கடி கொடுங்கள். குழந்தை சோர்ந்து கண் உள்வாங்கினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அதை எலிக் காய்ச்சலோ என்று டாக்டரிடம் கேட்பது நல்லது.

துணிமணி, காகிதம் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நனைந்த பட்டுப் புடவையை மடித்தபடி வைத்தால் கரைச் சாயம் உடலில் ஏறிவிடும். உடனே பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் போட வேண்டும். ரேஷன் அட்டை, பட்டா, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். பழைய செய்தித்தாளின்மேல் வைத்துக் காற்றாட விட்டால் தானாகவே விட்டுக் கொடுக்கும். வீட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் எல்லாச் சேதத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அக்காள் கூடத்தைப் பெருக்கி மெழுகிக் கோலமும் போட்ட பிறகு கணக்கெடுப்பவர் வந்தார். “உங்க வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கே, அம்மா” என்றார்! நம் சுறுசுறுப்பே நமக்கு எதிர்சாட்சி.

விறகுக் குவியலைக் கையால் இழுக்காதீர்கள். தண்ணீருக்குப் பயந்த பாம்பும் தேளும் மேடு தேடி அங்கேதான் குடியேறியிருக்கும். கழியால் தட்டிவிட்டு, காலில் செருப்போடு போங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம்.

இதுவரை சொன்னதெல்லாம் கையால் செய்கிற வேலை. இனிச் சொல்லப் போவதுதான் கஷ்டமானது.

அக்காளின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, புயல் அடித்த நாளிலிருந்து திண்ணையை விட்டு இறங்கவில்லை. அழவும் இல்லை, பேசவும் இல்லை. வைத்த சோறு அப்படியே இருந்தது. சாய்ந்து கிடந்த பெரிய பலா, அவர் பிறந்த வருஷம் அவருடைய தகப்பனார் நட்டது. “என்னோட பிறந்தது போயிடுச்சு” என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அவ்வளவுதான். அந்த நாட்களில் அந்தப் பக்கத்தில் எத்தனையோ திண்ணைகளில் எத்தனையோ பேர் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். பெண்களாகிய நமக்கு அடுப்பு மூட்டுகிற வேலையாவது இருக்கிறது. தோப்பை இழந்த ஆண்பிள்ளைக்கு மறுநாள் காலையில் போவதற்கு இடமே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து மர வியாபாரிகள் வந்தார்கள். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்தால் விலை என்ன ஆகும்? முந்திரி, விறகு விலைக்கும் கீழே போயிற்று. பலா அப்படிப்பட்டதல்ல, வாசற்கால் செய்யலாம், வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அந்த மரம்தான். ஆனாலும் அதையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, அப்போதே ரொக்கம் தருவதாகச் சொன்னார் ஒருவர். மாமா தலையாட்டிவிட்டார். பணம் எண்ணுகிற சத்தம் கேட்டு அக்காள் வெளியே வந்தாள். பிற மனிதர் எதிரில் புருஷனை மறுத்துப் பேசி அறியாதவள். அன்றைக்குப் பேசினாள்.

“முந்திரியை எடுத்துக்கங்க, ஐயா. அது மக்கிப் போகும். பலாவைக் கொடுக்கிறதா இல்லே. அது மழையிலே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.”

மாமா அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நான் நடுங்கினேன். அவரோ எழுந்திருந்து, நான்கு நாளில் முதல் தடவையாகத் திண்ணையை விட்டு இறங்கி, அந்தப் பலாவின் பக்கத்தில் போய் நின்றார். பிறகு அரிவாளைக் கேட்டார்.

அந்த அரிவாளைக்கொண்டு அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? வேர் முழுதும் அறாமல் சாய்ந்திருந்த இளமரங்களைத் தேடிப் பார்த்துக் கிளைகளைக் கழித்தார். பாரம் குறைந்ததும் ஆட்களை வைத்துக் கயிறு கட்டி நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, வேரில் மண் அணைத்தார். வெட்டுவாயில் பூசணம் பிடிக்காமலிருக்க, விவசாய ஆபீசில் சொன்ன தாமிர மருந்தைப் பசையாகக் குழைத்துப் பூசினார். இந்த வேலை சில நாட்களுக்குள் நடந்தால்தான் பலன். வேர் காய்ந்துவிட்டால் நிமிர்த்தியும் பிரயோசனமில்லை. நிமிர்த்தினவை எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவை பிழைத்தன. உங்கள் வீட்டுத் தோட்டத்து மாமரமோ முருங்கையோ சாய்ந்தால் உடனே கோடாலிக்காரனைக் கூப்பிடாமல், அதன் அடிவேரை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

அந்த வருஷத்துப் பொங்கலுக்கு ஊரில் கரும்புக் கட்டு அதிகம் வரவில்லை. அக்காள் முந்திரி விறகில் பொங்கலிட்டாள். அதில் போட முந்திரிப் பருப்பு வேண்டுமே! பண்ருட்டிக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தாள். “இந்த ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து இதை விலைக்கு வாங்கினதில்லை” என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. நானும் சேர்ந்து அழுதுவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் பானைக்கு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ரகத்தில் ஒட்டுக் கன்றுகள் வாங்கி நட்டார்கள். ஒட்டு முந்திரி மூன்றாம் வருஷத்திலேயே காய்ப்புக் காட்டும். பலா அதைவிடப் பொறுமை கேட்கும். நடுவில் கிடந்த இடத்தில் மணிலாவும் உளுந்தும் போட்டுக் காலத்தைத் தள்ளினார்கள். கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிற அண்டை வீட்டுப் பெண்கள்தான் பாவம். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கருகுகிற வேலை அது. அந்தக் கூலியாவது கிடைக்குமா என்று அந்தக் கோடையில் அவர்கள் ஏங்கினார்கள். நஷ்டஈட்டுக் கணக்கில் மரம் வைத்திருந்தவர் பெயர் ஏறும். மரத்தை நம்பி உடைத்தவள் பெயர் எந்தப் பத்தியில் ஏறும்?

அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. 2016-ல் வர்தா சென்னையின் மரங்களைச் சாய்த்தது. 2018-ல் கஜா டெல்டாவின் தென்னைகளைக் கொண்டுபோயிற்று. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி, அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் கடலூர் ஜில்லாவுக்குள் புகுந்தது. ஃபெஞ்சல் அடித்த மறுநாள் அக்காளுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

“ஒன்றுமில்லை, அரிசியை எடுத்து மேலே வெச்சுக்கிட்டிருந்தேன். மாமா தோப்புக்குப் போயிருக்கார், எது சாய்ஞ்சிருக்குன்னு பார்க்க.”

பேச்சுக்கு நடுவே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பலாக் கதவு அது. கீல் கொஞ்சம் கிறீச்சிடும்; எண்ணெய் விடச் சொல்லி நானும் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.