தொலைந்தது பொருள், தொலையலாமோ நிதானம்?

திருகோணமலைப் பட்டினத்தில், உட்துறைமுக வீதியிலும் அதனைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலும் மாலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். விளக்கேற்றி முடித்த முதியவர்கள் முன்விறாந்தையில் அமர்ந்து, 'டெப்' என்று யாவரும் அழைக்கும் பலகைக் கணினியை மடியில் வைத்திருப்பார்கள். கனடாவிலும் இலண்டனிலும் வளரும் பேரப்பிள்ளைகளின் முகத்தை அவர்களுக்குக் காட்டுவது அந்தச் சிறு பலகையே. அது தொலைந்துவிடுமாயின், போவது விலைகொடுத்து வாங்கிய பொருள் மாத்திரமன்று. உறவின் குரலும், பல்லாண்டுப் படங்களும், சில வேளை வங்கிக் கணக்கின் விபரங்களும் கூடவே போய்விடுகின்றன.

இத்தகைய நேரத்தில் வீட்டில் முதலில் எழுவது என்ன? "எங்க வைச்சனீங்கள் அம்மம்மா? கவனமா இருக்கச் சொன்னனான் எல்லோ!" என்னும் அதட்டலே. அதன் விளைவை நாம் சிந்திப்பதில்லை. ஏச்சுக்கு அஞ்சிய அம்மம்மா மறுமுறை ஒருவரிடமும் வாய் திறவார். இரண்டு நாள் தாமே தேடுவார். அதற்குள் மின்கலம் ஓய்ந்துவிடும். பொருள் பிறர் கையில் இருப்பின் அவருக்கு அவகாசமும் கிடைத்துவிடும். ஆதலால், மாணவச் செல்வங்களே, தேடுதலின் முதற்படி ஏசாதிருத்தலே. "கடைசியா எதில படம் பார்த்தனீங்கள்? கோயிலுக்குப் போகமுன்னமோ, வந்த பிறகோ?" என்று ஆறுதலாக வினவுங்கள்.

அடுத்தது, பொருளையே கூவச் செய்தல். அன்ட்ரொயிட் வகை டெப்புகளுக்குக் கூகிள் நிறுவனம் ஒரு தேடல் வசதியைத் தந்துள்ளது. 'பைன்ட் மை டிவைஸ்' என வழங்கிய அது, 2025 முதல் 'பைன்ட் ஹப்' என்னும் பெயர் பெற்றது. அப்பிள் நிறுவனத்தின் ஐபேடுக்கு 'பைன்ட் மை' உண்டு. வேறொரு கைத்தொலைபேசியில், முதியவரின் கணக்கைக் கொண்டு உட்புகுந்து, ஒலியெழுப்பக் கட்டளையிடலாம். அன்ட்ரொயிட் டெப் ஒலியடக்கி வைக்கப்பட்டிருந்தாலும் ஐந்து நிமிடம் உரத்து ஒலிக்கும். தலையணைக்கடியிலோ, அலுமாரிச் சேலைகளுக்கிடையிலோ இருந்து அது குரல் கொடுப்பதும் உண்டு. ஆனால் கருவி உயிர்ப்புடன் இருத்தலும், இணைய இணைப்புப் பெற்றிருத்தலும் இதற்குப் பெரும்பாலும் அவசியம்.

வீட்டில் ஒலி கேளாவிடின் வரைபடத்தை நோக்குக. சிம் அட்டை இல்லாத டெப், வீட்டு வைபை எல்லையைத் தாண்டியதும், பெரும்பாலும் இறுதியாகத் தொடர்புகொண்ட இடத்தையே காட்டும். அயலிலுள்ள பிற கருவிகளின் துணையால் இடமறியும் முறையை அப்பிள் 2019 இலும், கூகிள் 2024 இலும் கொண்டுவந்தன. எனினும் எல்லாக் கருவிகளுக்கும் அது வாய்ப்பதில்லை. காட்டப்படும் இடமும் அண்ணளவானதே. நமது துறைமுகக் கரையில் அவ்வட்டம் கடல்நீரையும் உள்ளடக்கிவிடக்கூடும். அதுகண்டு பொருள் கடலில் வீழ்ந்ததெனக் கலங்க வேண்டியதில்லை. அறியாத வீடொன்றைக் காட்டினாலோ, தனியே சென்று கதவைத் தட்டற்க. பொலிஸாருக்கு அறிவிப்பதே முறை.

மூன்றாவது, பூட்டுதல். அதே வசதியின் மூலம் திரையைப் பூட்டி, "கண்டெடுத்தவர் இவ்விலக்கத்துக்கு அழைக்கவும்" என்று பிள்ளை ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைத் தோன்றச் செய்யலாம். நேர்மையாளர் கையில் கிடைத்திருப்பின், அவர் திருப்பித் தருவதற்கு அதுவே வழி. 'அழித்துவிடு' என்னும் கட்டளையை மட்டும் அவசரப்பட்டு இடலாகாது. அன்ட்ரொயிட் டெப்பை அழித்தபின் அதன் இருப்பிடத்தைத் தேட இயலாது. ஐபேடைக் கணக்கிலிருந்து நீக்கினால், பிறர் அதனைப் புதிதாக இயக்கவொட்டாமல் தடுக்கும் பூட்டும் நீங்கிவிடும்.

பின்னர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுக. வட்ஸ்அப் அதில் இணைக்கப்பட்டிருந்தால், கைத்தொலைபேசியிலுள்ள 'இணைத்த சாதனங்கள்' பகுதியிற் சென்று துண்டிக்க. சிம் அட்டை இருந்தால் அதனைத் தடைசெய்விக்க, வங்கிக்கும் அறிவிக்க. பொலிஸ் முறைப்பாட்டில் கருவியின் தொடரிலக்கத்தைக் குறிப்பிடுக. சிம் இடும் வகையாயின் 15 இலக்கங்கொண்ட ஐஎம்ஈஐ எண்ணும் உண்டு; இவை வாங்கிய பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும்.

இன்னுமோர் எச்சரிக்கை. "உங்கள் கருவி கிடைத்துவிட்டது, இதை அழுத்திக் கடவுச்சொல்லை இடுங்கள்" என்று செய்தி வரலாம். இழந்ததை மீட்கும் ஆவலில் இருப்போரை ஏய்க்கும் வலை அது. கடவுச்சொல்லையோ, தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ எவர் கேட்பினும் சொல்லற்க.

இவையனைத்தும் பயன்தர வேண்டுமாயின் முன்னேற்பாடு வேண்டும். பல வீடுகளில் கணக்கைத் திறந்துகொடுத்தவர் வெளிநாட்டிலிருக்கும் பேரன். கடவுச்சொல் யாது என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. உறுதிப்படுத்தும் எண்ணும் தொலைந்த கருவிக்கே வருமாறு அமைந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். ஆகவே கணக்கில் நம்பிக்கைக்குரிய இரண்டாவது தொலைபேசி இலக்கமொன்றைச் சேருங்கள். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், தொடரிலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, உறுதிப் பத்திரங்களோடு அலுமாரியிற் பூட்டிவையுங்கள். டெப்பின் முதுகில் ஒட்டிவைக்க வேண்டாம். அங்கே ஒட்டத் தக்கது தொடர்புகொள்ளும் இலக்கம் ஒன்றே.

எழுதுவதும் மாற்றுவதும் முதியவர் அருகிருக்க, அவர் சம்மதத்துடனேயே நடைபெறல் வேண்டும். அது அவருடைய பொருள். அதிலுள்ள கடிதங்களும் படங்களும் அவருடையவை. உதவி செய்யப் புகுந்தவர் உடைமையாளராகிவிடுதல் முறையன்று.

வரும் விடுமுறை நாளில் ஒருமுறை டெப்பை வேண்டுமென்றே ஒளித்துவைத்து, அதனை ஒலிக்கச் செய்து, பாட்டனும் பேத்தியுமாகத் தேடிப் பாருங்கள். சிரிப்போடு பழகிய வழி, பதற்றம் வந்த வேளையிலும் கைகொடுக்கும்.